தில்லித் தெருவுணவும் சைக்கிள் யாத்திரையும்

பழைய தில்லியின் சந்துகளில், பொழுது நன்கு புலருமுன்னரே, வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, எட்டுப் பத்துப் பேர் சைக்கிள்களில் ஏறி அவரைப் பின்தொடர்ந்து செல்லும் காட்சி இக்காலத்தில் அந்நகரவாசிகளுக்குப் புதிதன்று. சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன் தில்லியில் வசித்துவந்த ஹாலந்து தேசத்துப் பத்திரிகையாளர் ஒருவர் இதனை ஒரு தொழிலாக நடத்தத் தொடங்கினார். அவரைப் பார்த்து வேறு சிலரும் இதில் இறங்கினர். கடல் கடந்து வரும் யாத்திரிகர்களும், நம் நாட்டின் இதர மாகாணங்களிலிருந்து உத்தியோக நிமித்தமாகவோ உல்லாசமாகவோ செல்லும் கனவான்களும் ஸ்திரீகளும் கட்டணம் செலுத்தி இக்கூட்டங்களிற் சேருகிறார்கள். மூன்று நான்கு மணி நேரம் சுற்றி, ஆங்காங்கு இறங்கித் தேநீர் பருகி, பலகாரம் உண்டு, வெயில் ஏறுமுன் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார்கள். தில்லித் தெருவுணவு என்றால் இன்று உலகத்தின் பல மூலைகளிலும் ஒரு கீர்த்தி உண்டு.

அந்தக் கீர்த்தியைக் குறித்து நமக்கு ஆக்ஷேபமில்லை. ஆனால் அதனைச் சம்பாதித்துக் கொடுத்த மனிதர், அதாவது அடுப்பின் முன் நிற்கிறவர், தாம் நிற்கும் நாலடி நிலத்தில் எந்த உரிமையின்மேல் நிற்கிறார் என்ற விஷயத்தை யாத்திரிகரும் வழிகாட்டியும் கேட்பது அரிது. அதனைக் கேட்பதற்கே இதனை எழுதுகிறோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஷாஜஹான் சக்கரவர்த்தி 1639-ம் வருஷம் அஸ்திவாரமிட்டு, 1648-ல் குடிபுகுந்த ராஜதானியே ஷாஜஹானாபாத் என்னும் பழைய தில்லி. அதன் நடுவீதியாகிய சாந்தினி சௌக்கை 1650-ல் அமைப்பித்தவர் அவருடைய குமாரத்தி ஜஹானாரா பேகம். வீதியின் நடுவே கால்வாய் ஓடியது. சதுக்கத்துக் குளத்தில் சந்திரிகை பிரதிபலித்தமையால் அப்பெயர் வந்தது என்பர். 1857-க்குப் பிறகு வெள்ளையர் கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். 1912-ம் வருஷம் டிசம்பர் மாதம் 23-ந் தேதி ஹார்டிஞ்சு பிரபுவின் யானைமீது வெடிகுண்டு வீழ்ந்தது இந்த வீதியிலேதான். 1919 மார்ச்சு 30-ந் தேதி சுவாமி சிரத்தானந்தர் சிப்பாய்களின் துப்பாக்கி முனைக்கு முன் தம் மார்பைக் காட்டி நின்றதும் இங்கேதான். இவ்வளவு சரித்திரத்தையும் வழிகாட்டிகள் கூறுகிறார்கள். பெரும்பாலும் சரியாகவே கூறுகிறார்கள்.

சைக்கிள் ஏன் என்று கேட்கலாம். பழைய தில்லியின் கலிகளிலும் கூச்சாக்களிலும் மோட்டார் வண்டி நுழையாது. நடந்து சென்றால் ஒரு காலைப்பொழுதிற்குள் செங்கோட்டையும் சாவ்ரி பஜாரும் ஜும்மா மசூதியும் பதேபுரியும் ஆகிய எல்லாவற்றையும் பார்த்துவிட இயலாது. ரிக்ஷாவில் ஏறினாலோ, நம்மை இன்னொரு மனிதர் மூச்சு வாங்க இழுத்துச் செல்ல, நாம் சாய்ந்திருந்து வேடிக்கை பார்க்கும் நிலை. அது மனத்திற்கு அவ்வளவு உவப்பாயில்லை. சைக்கிளிலோ சொந்தக் கால்தான் உழைக்கிறது. மேலும் சைக்கிள் ஏறியவன் கண் கடைக்காரர் கண்ணுக்குச் சமமான உயரத்திலேயே இருக்கிறது. மோட்டாரின் கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை சாமானியமானதன்று. சட்டக் கலாசாலையை விட்டபின் சைக்கிளைத் தொடாத நமக்கு முதல் அரை மணி நேரம் முழங்கால்கள் முறையிட்டன என்பதையும் ஒளிக்கவேண்டியதில்லை.

பனிக்காலமே இதற்கு ஏற்ற காலம். தை மாதத்துக் காலை ஒன்றில் நாமும் அத்தகைய கூட்டமொன்றில் சேர்ந்து சென்றோம். நமது வழிகாட்டி இருபத்தைந்து வயதிற்குள்ளான தில்லி வாலிபர். ஹிந்துஸ்தானியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசினார். சிறிது பிரெஞ்சும் கற்றிருந்தார். முதலில் கரி பாவ்லிக்கு அழைத்துச் சென்றார். உவர்நீர்ப் படிக்கிணறு என்பது அப்பெயரின் பொருள். கிணறு இப்பொழுது இல்லை. ஆசியாக் கண்டத்திலேயே பெரியது என்று சொல்லப்படுகிற மளிகை மண்டி இருக்கிறது. மிளகாய் மூட்டைகளை முதுகிற் சுமந்து வரும் கூலிகள் தும்மிக்கொண்டே செல்ல, பார்க்க வந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். அங்கே குவிந்து கிடக்கும் மிளகும் ஏலக்காயும் பெரும்பாலும் நம் தென்னாட்டு மலைகளிலிருந்து சென்றவை. தெருவுணவின் கதை இந்த மூட்டைகளிலிருந்தே தொடங்குகிறது. ஏனெனில், மண்டி விடிவதற்கு முன் எழுகிறது, எழுந்த கூலிக்குப் பசிக்கிறது. யாத்திரிகருக்காக அல்ல, அந்தக் கூலிக்காகவே முதலடுப்பு மூட்டப்படுகிறது.

பேட்மி பூரி என்பது உளுந்தை ஊறவைத்து அரைத்து, பெருங்காயமும் மசாலையும் கூட்டி, மாவினுள் வைத்துப் பொரிப்பது. உருளைக்கிழங்கைக் கையால் மசித்துப் போட்ட காரக் குழம்பு உடன் வருகிறது. இலைகளைத் தைத்துச் செய்த தொன்னையில் வாங்கி, தெருவோரத்தில் நின்றபடியே உண்ணவேண்டும். நாகோரி என்பது ரவை கலந்து செய்த சிறு பூரி. விரலால் தொட்டால் நொறுங்கும். அதனைக் குழிபோல் உடைத்து, ரவைக் கேசரி போன்ற அல்வாவை அதனுள் இட்டு உண்கிறார்கள். காரமும் இனிப்பும் ஒரே தொன்னையில் அடுத்தடுத்து வருவது முதலில் விநோதமாகத் தோன்றினாலும், இரண்டாவது தொன்னையில் அந்த விநோதம் போய்விடுகிறது. மூன்றாவதை வழிகாட்டியே தடுத்துவிட்டார்; மேலும் ஐந்து இடங்கள் உண்டென்றார்.

ஜும்மா மசூதியின் பக்கம் சென்றால் நிஹாரி. அரபு மொழியில் பகற்பொழுதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இறைச்சியை எலும்புடன் பெரிய அண்டாவிலிட்டு, இரவு முழுவதும் சிறு கனலில் வேகவைத்து, விடிந்ததும் புளித்த மாவு ரொட்டியுடன் கொடுக்கிறார்கள். நாம் மாமிசம் உண்பதில்லையாகையால் ருசியைக் குறித்துச் சாட்சி கூற இயலாது. ஆனால் அண்டாவைத் திறந்ததும் கூட்டம் நெருங்குவதையும், ஒன்பது மணிக்குள் அண்டா காலியாவதையும் கண்டோம். சைக்கிளில் வந்திருந்த ஜெர்மானியத் தம்பதிகளும், பீங்கான் தட்டேந்தி நின்ற மூட்டைக் கூலியும், தொழுகை முடித்து வந்த முதியவரும் ஒரே பெஞ்சியில் இடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்கள்.

இவை யாவற்றிலும் அதிசயமானது தௌலத் கீ சாட். செல்வத்தின் சிற்றுண்டி என்று பெயர். அதனை விற்பவரிடமோ செல்வத்தின் அடையாளம் ஏதுமில்லை. பாலை நெடுநேரம் கடைந்து, மேலே எழும் நுரையை மட்டும் சிறிது சிறிதாக வழித்தெடுத்துச் சேர்க்கிறார்கள். இரவின் குளிரிலேதான் நுரை நிற்கும். பனியில் திறந்து வைத்தால்தான் அது பக்குவப்படும் என்பது செய்கிறவர்களின் நம்பிக்கை. குங்குமப்பூ நீர் தெளித்து, பால்கோவாவும் பொடித்த சர்க்கரையும் தூவி, மெல்லிய துணியால் மூடித் தலையிற் சுமந்து வருகிறார்கள். வாயில் வைத்தால் ஒன்றுமில்லை. பால் மணமும் குளிர்ச்சியும் மட்டும் தங்குகின்றன. வெயில் ஏறினால் தட்டிலேயே கரைந்து போகும். ஆகையால் ஐப்பசி கார்த்திகையிலிருந்து மாசி வரையிலும், அதிலும் நண்பகலுக்கு முன்னும்தான் இதன் வியாபாரம் நன்கு நடக்கும். லக்னௌவில் இதற்கே மக்கன் மலாய் என்றும், காசியில் மலையோ என்றும் பெயர். இதனை விற்கும் குடும்பங்கள் சில மொராதாபாத் பக்கத்திலிருந்து பனிக்காலத்தில் தில்லிக்கு வந்து, வேனில் வந்ததும் ஊர் திரும்புகின்றன.

இந்த வியாபாரியின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்க்கவேண்டும். அவருடைய மூலதனம் ஒரு இரவின் பால். அவருடைய சந்தை ஐந்து மணி நேரம். ஒரு நாட்காலையில் ஒருவர் வந்து, எழுந்து போ என்று விரட்டினால், மறுநாள் விற்றுக்கொள்ளலாம் என்று மூடி வைக்கக்கூடிய சரக்கு அன்று அது. துணி விற்பவர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடலாம். நுரையை எடுத்துக்கொண்டு ஓடுவது எங்ஙனம்?

சாவ்ரி பஜார்ச் சந்து ஒன்றின் முனையில் நாம் கண்ட இன்னொரு வியாபாரியையும் குறிப்பிடவேண்டும். அவருக்குக் கடை, சைக்கிள் இரண்டும் ஒன்றே. பின்புறத்தில் பித்தளைப் பானை. அதில் வேகவைத்த பட்டாணி. பக்கத்திற் கட்டிய கூடையில் குல்சா என்னும் ரொட்டி. வெங்காயமும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் ஒரு தகர டப்பாவில். நம் கூட்டத்தார் வாடகைக்கு எடுத்து வந்த சைக்கிள்களை அவருடைய சைக்கிளின் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒரு தொன்னையின் விலைக்கும், அதனைச் சுட்டிக்காட்டுவதற்காக நாம் செலுத்திய கட்டணத்திற்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் தலை சுற்றும். வழிகாட்டுவோர் தங்கள் உழைப்புக்கு ஊதியம் பெறுவதை நாம் குறை கூறவில்லை. வரும் கூட்டத்தால் கடைக்காரருக்கும் பத்துத் தொன்னை கூடுதலாக விற்கிறது. எனினும் ஒன்றைக் கவனித்தோம்: இத்தகைய யாத்திரைகள் உண்பதற்கு இறங்குவது பெரும்பாலும் சுவரும் கூரையும் பலகையும் உள்ள பழங்கடைகளில்தான், தரையில் அடுப்பு வைத்தவரிடம் புகைப்படம் மாத்திரம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பட்டாணிக்காரர் எம்முடன் பேசிக்கொண்டிருக்கையில் தெருக்கோடியில் யாரோ ஒரு சத்தம் கொடுத்தார். மறுகணம் பானை மூடப்பட்டது; சைக்கிள் நகர்ந்து சந்துக்குள் புகுந்தது; எதிரில் பழம் விற்ற அம்மையார் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு வாயிற்படிக்குள் மறைந்தார். "கமேட்டி" என்று வழிகாட்டி மெல்லச் சொன்னார். பறிமுதல் லாரிக்கும் அதனுடன் வரும் சிப்பந்திகளுக்கும் தில்லி வியாபாரிகள் வழங்கும் பெயர் அது. அன்று லாரி வரவில்லை, வதந்திதான். கால் மணி நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். யாத்திரிகர்களுக்கு அது ஒரு வேடிக்கையாக இருந்தது.

தில்லியின் தெருவுணவு முழுவதும் முகலாயர் காலத்தது என்று நினைப்பது தவறு. சோலே பட்டூரே என்று இன்று நாடெங்கும் விற்கும் பலகாரம் அந்நகரத்தில் வேரூன்றியது, 1947-ல் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடுத்திய துணியோடு வந்து சேர்ந்த அகதிகளின் கையால். 1941-ல் 9 லட்சத்து 18 ஆயிரமாக இருந்த தில்லி மாகாணத்தின் ஜனத்தொகை 1951-ல் 17 லட்சத்து 44 ஆயிரமாயிற்று. வந்தவர்களுக்கு நிலமில்லை, உத்தியோகமில்லை. அநேகர் நடைபாதையிலே ஒரு கடாயை வைத்துப் பிழைத்தார்கள். அவர்களில் சிலர் பிற்காலத்தில் பெரிய ஹோட்டல்களுக்கு முதலாளிகளானார்கள். பெஷாவரிலிருந்து வந்தோர் தரியாகஞ்சில் நிறுவிய ஹோட்டலின் வாரிசுகளுக்கும், தரியாகஞ்ச் என்ற பெயரையே தாங்கிய இன்னொரு ஹோட்டலாருக்கும், வெண்ணெய்க் கோழிக் குழம்பை முதலில் ஆக்கியவர் யார் என்பதைப் பற்றி 2024 ஜனவரியில் தில்லி ஹைக்கோர்ட்டில் வழக்கு வந்தது. வக்கீல் தொழில் செய்தவன் என்ற முறையில் இத்தகைய வழக்குகள் பெருகுவதை நாம் வெறுக்கவில்லை! ஆனால் பேட்மி பூரியையும் பனி நுரையையும் கண்டுபிடித்தவர்களின் வாரிசுகள் நியாயஸ்தலத்தில் கேட்கவேண்டியது பெயரை அல்ல, நிற்க இடத்தையே.

நிற்க, சட்டம் என்ன சொல்லுகிறது? இந்த விஷயத்தில் நம் தேசத்துச் சட்டம் ஏழைக்கு விரோதமானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், ஜீவனோபாயமும் உயிர்வாழும் உரிமையின் பாகமே என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1989-ல், புது தில்லி ஜன்பத் சந்தில் தைத்த துணிகளை விற்றுவந்த ஸோதன் சிங் என்னும் ஏழை வியாபாரி தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட பெஞ்சி, தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சாஸனத்தின் 19-வது ஷரத்து வழங்கும் உரிமையில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், குறிப்பிட்ட ஓரிடத்தையே நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை, நியாயமான கட்டுப்பாடுகளைச் சர்க்கார் விதிக்கலாம் என்றும் கூறினார்கள். ஆகவே உரிமை உண்டு, இடம் நிச்சயமில்லை என்ற நிலை ஏற்பட்டது. மாமூல் வாங்குகிறவனுக்கு இதைவிட வசதியான நிலை வேறென்ன வேண்டும்? 2010-ல் கேந்தா ராம் என்பவர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு பொறுமை இழந்து, 2011 ஜூன் 30-ந் தேதிக்குள் சட்டமியற்றுமாறு சர்க்காருக்கு உத்தரவிட்டது. கெடு தவறியது, ஆயினும் சட்டம் வந்தது. 2014 மே மாதம் 1-ந் தேதி முதல் அமலில் இருக்கும் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டமே அது.

அச்சட்டத்தை வாசித்த எவரும் அதன் கருணையை ஒப்புக்கொள்வர். ஐந்து வருஷத்திற்கு ஒருமுறையேனும் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு, நகரத்தின் ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டரை என்னும் அளவுவரை, இடமளித்துச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி தில்லிக்கு இது ஏறக்குறைய 4 லட்சத்து 20 ஆயிரம் பேர். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை ஒருவரையும் அகற்றலாகாது. இடம் மாற்றவேண்டுமானால் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். பறிமுதல் செய்தால் சாமான்களுக்கு ஜாபிதா கொடுத்து, அழுகும் பொருள்களை அன்றைக்கே திருப்பித் தரவேண்டும். இவற்றை மேற்பார்வை செய்யும் நகரக் கமிட்டியில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்கவேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். இவை யாவற்றிலும் மேலாக, ஐம்பது வருஷங்களுக்கு மேல் வியாபாரம் நடந்துவந்த இயற்கைச் சந்தைகளைப் புராதனச் சந்தைகள் என்று அறிவிக்கவேண்டும், அங்குள்ளோரை இடம் பெயர்க்கலாகாது என்று அச்சட்டத்தின் இரண்டாவது அட்டவணை விதிக்கிறது.

ஐம்பது வருஷம்! பழைய தில்லியின் தெருக்களில் அதைப்போல் ஏழு மடங்கு காலமாக விற்பனை நடந்துவருகிறது. புராதனச் சந்தை என்ற சொல்லுக்கு இந்தியாவில் இதனினும் பொருத்தமான இடத்தை எவரேனும் காட்டட்டும்.

நடந்தது வேறு. செங்கோட்டையிலிருந்து பதேபுரி மசூதி வரை ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பிரதான வீதி, கல் பதித்து, பெஞ்சிகளும் மரங்களும் வைத்து, நடப்பவர்களுக்கென்று புதுப்பிக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காலை ஒன்பது மணி முதல் இரவு ஒன்பது மணி வரை மோட்டார் வண்டிகளுக்கு அங்கே தடை. இது நல்ல காரியம்; புகையும் ஊதுகுழல் ஓசையும் குறைந்தன என்பதைச் சைக்கிள் ஏறிச் சென்றவன் மறுக்கமாட்டான். ஆனால் அந்த வீதி தெரு வியாபாரம் கூடாத பகுதி என்றும் வகுக்கப்பட்டது. அனுமதியின்றி அங்கே விற்போரை அகற்றவேண்டுமென்று அதே வருஷத்தில் ஹைக்கோர்ட்டும் உத்தரவிட்டது. நடப்பவர்களுக்காக வீதியைச் செப்பனிட்டு, நடப்பவர்களுக்கு உணவளித்தவர்களை அவ்வீதியிலிருந்து நீக்கியதாயிற்று. நியாயஸ்தலத்தின் உத்தரவை நாம் விமர்சிக்கவில்லை. அனுமதியற்றவரை அகற்று என்பது சட்டப்படியான உத்தரவே. அனுமதி கொடுக்கவேண்டிய கணக்கெடுப்பை வருஷக்கணக்கில் நடத்தாமலிருந்துவிட்டு, அனுமதி இல்லை என்று அவரையே குற்றஞ்சாட்டும் நிர்வாகத்தைப் பற்றித்தான் நமது பேச்சு. சட்டத்தின்படி நடந்திருந்தால் 2024-க்குள் இரண்டு கணக்கெடுப்புகள் முடிந்திருக்கவேண்டும். தில்லியில் முதலாவதே வெகு காலம் இழுபட்டது.

இன்னொரு சம்பவம். 2024 ஜூலை மாதம் 1-ந் தேதி, வெள்ளையர் 1860-ல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம் நீங்கி, பாரதீய நியாய சம்ஹிதை என்னும் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அடிமைக்காலத்துச் சின்னம் ஒழிந்ததென்று விழாக் கொண்டாடப்பட்டது. அன்று விடியுமுன் தலைநகரத்துப் போலீஸார் அச்சட்டத்தின்படி பதிவு செய்த வழக்கு யார்மேல் தெரியுமா? புது தில்லி ரயில் நிலையத்தருகில், மேம்பாலத்தின் அடியில் தண்ணீரும் புகையிலையும் விற்ற ஒரு தெரு வியாபாரியின்மேல். பொதுவழியை மறித்தார் என்று. அது நாட்டிலேயே முதல் வழக்கன்று, குவாலியரில் பதிவான திருட்டு வழக்கே முதலாவது என்று சர்க்கார் பின்னர் விளக்கினர். தில்லி வழக்கும் மறு ஆலோசனையின்மேல் கைவிடப்பட்டது. கைவிட்டது நியாயமே. ஆயினும் பழைய சட்டத்தில் 200 ரூபாய் வரை இருந்த இக்குற்றத்துக்குரிய அபராதம் புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய் வரை உயர்ந்திருப்பதைக் கவனிக்கவேண்டும். வீட்டின் முன் மணலும் ஜல்லியும் குவித்துத் தெருவை அடைக்கும் பணக்காரருக்கு இது ஒரு தொகையன்று. ஒரு இரவின் பாலை மூலதனமாக உடையவருக்கு அது மாதக்கணக்கான உழைப்பு.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். கடைக்கு வாடகையும் வரியும் மின்சாரக் கட்டணமும் செலுத்துகிற வர்த்தகர், தம் வாயிலை அடைத்துக்கொண்டு வாடகையில்லாமல் ஒருவர் விற்பதைக் கண்டு பொருமுவது இயற்கையே. முதியவரும் குழந்தையைத் தூக்கிய தாயும் நடைபாதையை விட்டு நடுத்தெருவில் இறங்கி நடக்கவேண்டியிருப்பதும் உண்மையே. தீப்பற்றினால் இந்தச் சந்துகளில் தண்ணீர் வண்டி நுழைய வழி வேண்டும். இவையெல்லாம் எத்தனை பேர், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று வகுத்தால் தீரும் சங்கடங்கள். காலையில் நிஹாரிக்கும் பூரிக்கும் ஒரு நேரம், கடைகள் திறந்தபின் வேறு ஏற்பாடு என்று வகுக்க அச்சட்டமே இடங்கொடுக்கிறது. லாரியை அனுப்பி இவற்றைத் தீர்க்க முடியாது. லாரி போனபின் கால் மணி நேரத்தில் எல்லோரும் திரும்பி வருவார்கள். நடுவில் மாமூல் மட்டும் கை மாறியிருக்கும்.

சுகாதாரக் குறை சொல்வோர்க்கும் ஒரு வார்த்தை. ஈ மொய்த்த பண்டத்தையும் கழுவாத தட்டையும் நாம் ஆதரிக்கவில்லை. நம்முடன் வந்த யாத்திரிகர்கள் தண்ணீர்ப் போத்தலைக் கையை விட்டு இறக்கவில்லை என்பதையும் கண்டோம். ஆனால் சிறு உணவு வியாபாரிக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி வேண்டுவது ஒரு பதிவு மாத்திரமே. பதிவைவிடக் கஷ்டமானது குழாய். கை கழுவவும் தொட்டி கழுவவும் தெருமுனையில் ஒரு குழாயும், கழிவைக் கொட்ட ஒரு தொட்டியும் வைக்காத நகரசபை, அசுத்தம் என்று சொல்லி அடுப்பைத் தூக்கிச் செல்வதில் நியாயமில்லை. கொதிக்கும் எண்ணெயிலிருந்து நேரே இலையில் விழும் பூரியில் தோஷமில்லை. அதைத் தொடும் கையையும் அருகிலுள்ள நீரையும் சார்ந்ததே தோஷம்.

பட்டாணிக்காரர் திரும்பி வந்தபின் அவரிடம், வியாபாரச் சான்றிதழ் ஏதேனும் உண்டா என்று விசாரித்தோம். சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு காகிதத்தை மிக ஜாக்கிரதையாக எடுத்துக் காட்டினார். அது வியாபாரச் சான்றிதழன்று, கடன் பத்திரம். கொள்ளை நோய்க் காலத்தில், 2020 ஜூனில், மத்திய சர்க்கார் தெரு வியாபாரிகளுக்கென்று முதலில் 10,000 ரூபாய் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதன்படி வாங்கிய கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தி, இரண்டாவதும் வாங்கியிருக்கிறார். சான்றிதழ் இல்லாதவரும் சிபாரிசுக் கடிதத்தின்மேல் கடன் பெற அத்திட்டத்தில் வழியுண்டு. கடன் கொடுக்கும்பொழுது அவர் தெரு வியாபாரி என்பதில் சர்க்காருக்குச் சந்தேகமில்லை. தெருவில் நிற்கும்பொழுதுதான் சந்தேகம் வந்துவிடுகிறது. நிலைத்த கடைக்காரர் என்றும் நகரும் வியாபாரி என்றும் சான்றிதழ்களை வகுத்திருக்கிற அச்சட்டத்தின் ஆறாவது பிரிவு, சைக்கிளில் பித்தளைப் பானை கட்டிய மனிதரையும் மறக்கவில்லை என்று நாம் அவருக்குச் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டு, எலுமிச்சையைப் பிழிந்து தொன்னையை நீட்டினார்.

வழிகாட்டுவோர் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஜஹானாராவின் கால்வாயைப் பற்றிக் கூறும் அதே வாயால், இவர் இங்கே நிற்பது தயவினால் அன்று, உரிமையினால் என்பதையும் கூறலாம். தரையில் அடுப்பு வைத்தவரிடமும் இறங்கி உண்ணலாம். எந்தச் சந்தில் எத்தனை தலைமுறையாக யார் விற்கிறார்கள் என்பதை நாள்தோறும் அத்தெருக்களில் சுற்றும் இவ்வாலிபர்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. புராதனச் சந்தை என்று அறிவிக்கக் கோரும் மனுவுக்கு வேண்டிய சாட்சியம் அதுவே.

நம் நேயர்களில் பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள் தில்லிக்குப் போகவேண்டிய அவசியமுமில்லை. இதே சட்டம் நம் ஊர் நகரசபைகளையும் கட்டுப்படுத்துகிறது. நகர வியாபாரக் கமிட்டியின் அங்கத்தினர் யார் யார், வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் எத்தனை பேர், கடைசியாகக் கூடியது எந்த மாதம், கணக்கெடுப்பில் வந்தவர் எத்தனை பேர், சான்றிதழ் பெற்றவர் எத்தனை பேர், ஐம்பது வருஷத்துச் சந்தைகளில் எவையெவை புராதனச் சந்தைகளாக அறிவிக்கப்பட்டன என்று 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். வரும் பதில்களை எமக்கு அனுப்பினால் இப்பக்கத்திலேயே வெளியிடுவோம்.